டவர் கிடைக்கிற போன்

கம்பெனியிலிருந்து கூப்பிட்டு ஆறு மாதமாகியிருந்தது. குற்றம் போனில்தான் என்று லிப்ட் மெக்கானிக் முடிவு கட்டியிருந்தார்.

சும்மா கட்டிய முடிவில்லை. முப்பத்தோரு வருடம் ஒரே கம்பெனியில் லிப்ட் பழுது பார்த்தவர். ஐம்பத்தெட்டு முடிந்ததும் சம்பளப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். ஆனால், கடக் கடக்கென்று விழும் ரிலே சுவிட்சுகளால் ஓடுகிற பழைய ரிலே போர்டு லிப்டுகளுக்கு அவரை விட்டால் ஆளில்லை, வேலை வரும்போதெல்லாம் போன் பண்ணுகிறோம் என்று சூப்பர்வைசர் சொல்லித்தான் அனுப்பினார். சொன்னபடி முதல் இரண்டு மாதத்தில் நான்கு முறை கூப்பிட்டார்கள். அப்புறம் பேச்சுமூச்சில்லை.

ஒருநாள் சிக்னலில் நின்ற சூப்பர்வைசரைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு மெக்கானிக் ஓடிப்போய் விசாரித்தார். சூப்பர்வைசர் வண்டியை அணைக்கவில்லை. "எத்தனை தடவண்ணே அடிக்கிறது? உங்களுக்கு லைனே கிடைக்க மாட்டேங்குது" என்றார். பச்சை விழுந்தது, போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை மெக்கானிக்கின் வயிற்றில் பால் வார்த்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர்கள் மறக்கவில்லை, கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், நம் போன்தான் சனியன். மனைவிக்கும் அப்பாடா என்றிருந்தது. ஏனென்றால் ஆறு மணி நேர ரயில் தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் பேசுவாள். இப்போது மாதம் ஒரு முறை வந்தால் உண்டு. கேட்டால், "எவ்வளவு நேரம் ட்ரை பண்ணேன்மா, லைனே போகல" என்பாள்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான்கு மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், பின்பக்கத்து வீடு அவர்களுடையது. ஒரு பக்கம் மாடிப்படியின் கான்கிரீட் சுவர், இன்னொரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. சமையலறை ஜன்னலின் இடது மூலையைத் தவிர வீட்டில் எங்கேயும் டவர் கிடையாது. அந்த மூலைக் கம்பியில் துணிப்பை ஒன்றைக் கட்டி, போனை அதற்குள் போட்டு வைத்திருந்தார்கள். மனைவி ரெடிமேட் கடைக்குச் சட்டைப் பட்டன் தைத்துக் கொடுப்பவள். ஊசியோடு ஜன்னலடியில்தான் உட்காருவாள். அவள் குளிக்கப் போகும்போது அந்த இடத்தில் இவர் வந்து உட்காருவார். சின்னக் குழந்தைக்குக் காவல் இருப்பதுபோல இருவரும் மாறி மாறி அந்தப் பைக்குக் காவல் இருந்தார்கள்.

இனிமேல் தாங்காது, டவர் கிடைக்கிற போனாக ஒன்று வாங்கிவிடுவது என்று தீர்மானமாயிற்று. அதற்கு ஒரு வாரம் விசாரணை நடந்தது. எதிர்வீட்டுக்காரர், பேப்பர் போடுகிறவர், குடியிருப்பின் வாட்ச்மேன், ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார். ஆளாளுக்குத் தன் போனை, பெற்ற பிள்ளையைப் போலப் புகழ்ந்தார்கள். வாட்ச்மேன் தன்னுடையது தொட்டிக்குள் விழுந்து மறுநாள் மணியடித்த கதையை இரண்டு தடவை சொன்னார். டச் போன் பேச்சையே மெக்கானிக் எடுக்கவிடவில்லை. இரும்புக் கயிறும் கிரீஸும் பட்டுப்பட்டு அவர் விரல்நுனிகள் காய்த்துப் போயிருந்தன. கண்ணாடி அந்த விரலை விரலாகவே மதிப்பதில்லை. பட்டன் போன்தான் வேண்டும்.

"பட்டன் சங்கதின்னா என்னைக் கேளுங்க. ஒரு நாளைக்கு நூறு பாக்கறேன்" என்றாள் மனைவி. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த வேடிக்கைப் பேச்சு அது.

கடைவீதியில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் இருந்தது அந்தக் கடை. கவுன்டரில் ஒரு பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். காலையிலிருந்து ஒருவரும் வரவில்லைபோல, கண்ணாடிப் பெட்டியைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"படம் வேணாம், பாட்டு வேணாம். டவர் கிடைக்கணும். அவ்வளவுதாம்மா."

எல்லாவற்றிலும் கிடைக்கும் என்றாள் அவள். எங்கள் வீட்டில் கிடைக்குமா என்று கேட்டார். வீடு எங்கே என்றாள். "கிணத்துக்குள்ள இருக்குன்னு வச்சுக்கம்மா" என்றார் மெக்கானிக். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, ஒரு யோசனை சொன்னார். எந்தக் கட்டடத்திலும் டவர் செத்துப்போகிற இடம் லிப்ட்தான். நாலு பக்கமும் இரும்பு. அதற்குள் பேச முடிகிற போன் எங்கேயும் பேசும். இந்தக் கட்டடத்து லிப்டிலேயே சோதித்துப் பார்க்கலாமா?

அவருடைய சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க மூன்று போன்களை எடுத்து வைத்தாள். கடையை விட்டுப் பொருளை வெளியே அனுப்பக் கூடாது என்பது முதலாளியின் சட்டம்.

"எடுத்துட்டு ஓடிட மாட்டீங்களே சார்?"

"லிப்டுல ஏறி எங்கம்மா ஓடுறது? மேல போகலாம், கீழ வரலாம்."

லிப்ட் வாசலில் ஸ்டூலைப் போட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். தன் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். அவர் உள்ளே நின்று கேட்டுக்கொண்டே தரைத்தளத்திலிருந்து நாலாவது மாடிவரை போய்வர வேண்டும். முதல் போன், கதவு சாத்திய மாத்திரத்தில் உயிரை விட்டது. இரண்டாவதில் எண்கள் பாதி வந்தன, பாதி வரவில்லை. மூன்றாவது பார்ப்பதற்கு லட்சணமாயில்லை. செங்கல்போல ஒரு உருவம், தலையில் ஒரு டார்ச் விளக்கு. ஆனால் அதில் ஒன்றிலிருந்து நாற்பதுவரை ஒரு எண் குறையாமல், பக்கத்தில் நின்று சொல்வதுபோல் கேட்டது.

கேட்டுக்கொண்டே நின்றவர், லிப்ட் சுவரில் மாட்டியிருந்த சர்வீஸ் அட்டையைப் பார்த்தார். அவருடைய கம்பெனியின் அட்டை. ஏறும்போதே தெரிந்துகொண்டுவிட்டார், இது ரிலே போர்டு லிப்ட். மாடி தாண்டும்போது மேலே கடக் கடக் என்று விழும் சத்தமே சொல்லிவிடும். இவரை விட்டால் ஆளில்லை என்று சொன்ன ரகம். போன செவ்வாய்க்கிழமை ஒருவன் வந்து போயிருந்தான். அதற்கு முந்தைய மாதமும் அதே கையெழுத்து. அதற்கு முந்தைய மாதமும் அதேதான்.

லிப்ட் இரண்டாவது மாடியில் நின்று கதவு திறந்தது. அந்தப் பெண், "கேட்டுச்சா சார்?" என்றாள். அவர் கண் இன்னும் அட்டையிலேயே இருந்தது. போன செவ்வாய்க்கிழமை நாள் முழுக்க ஜன்னலடியில் இருந்தது நினைவுக்கு வந்தது. பிறகு தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டார். அடித்திருப்பார்கள், லைன் கிடைத்திருக்காது. வேலை நிற்குமா? வேறு ஆளை அனுப்பியிருப்பார்கள். அதனால்தானே இந்தப் போனே வாங்குகிறோம்.

அந்தச் செங்கலையே வாங்கினார். பில்லில் எழுத நம்பர் கேட்டபோது நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொன்னார். கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. இரண்டாவது மாடிக் கதவின் உருளை தேய்ந்து உரசுகிறது, சர்வீஸுக்கு வருகிறவனிடம் சொல்லி மாற்றச் சொல் என்றார். இவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் விழிக்கவே, தான் யார் என்பதையும் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் அன்று திருவிழாக் கோலம். எதிர்வீட்டுக்காரரை மாடியிலிருந்து அடிக்கச் சொல்லி, வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் நின்று பேசிப் பார்த்தார்கள். கட்டிலடியில் கேட்டது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டாலும் கேட்டது. போனில் நாலு கோடும் விழுந்து, நாலும் அசையாமல் நின்றன. மனைவி ஜன்னல் கம்பியிலிருந்த பையை அவிழ்த்துத் துவைத்துப் போட்டாள். மெக்கானிக் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, இனிமேல் எந்நேரமும் கிடைப்பேன் என்று சொன்னார். நல்லதுண்ணே என்றார் அவர். மகளிடம் மனைவி சொன்னாள். நல்லதும்மா என்றாள் அவளும்.

பிறகு காத்திருந்தார்கள்.

முதல் வாரம் அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இப்போதுதானே சொல்லியிருக்கிறோம், வேலை வர வேண்டாமா? இரண்டாம் வாரம், மதியத்தில் இரண்டு தடவை மணியடித்தது. ஒன்று கடன் வேண்டுமா என்று கேட்ட பெண். இன்னொன்று பதிவு செய்த குரல். அது பேசி முடிக்கும்வரை மனைவி மரியாதையாகக் கேட்டுவிட்டு, "வேணாம்ப்பா, வச்சிடறேன்" என்றாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் வந்து போயின. மகள் பேசவில்லை. பிள்ளைக்குப் பரீட்சையாயிருக்கும் என்றாள் மனைவி. பிள்ளை படிப்பது ஒன்றாம் வகுப்பு.

முன்பு ஜன்னலடியில் காத்திருந்த காத்திருப்பு வேறு. அப்போது போன் அடிக்காத ஒவ்வொரு நாளும், யாரோ எங்கேயோ இவர்களைக் கூப்பிட்டுக் களைத்துப்போன நாளாக இருந்தது. இப்போது போன் பக்கத்திலேயே, நாலு கோட்டோடு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் இரண்டு நாளைக்கு ஒரு முறை எதிர்வீட்டுக்காரரை அடிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். நாலாவது தடவை, "நல்லாத்தானே இருக்கு, எதுக்குங்க சும்மா சும்மா" என்று அவர் சலித்துக்கொண்டதும் அதை நிறுத்திவிட்டார்.

பத்தொன்பதாவது நாள் காலை பதினோரு மணிக்கு மணியடித்தது. போன் கடைப் பெண்.

"சார், லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. அட்டையில இருக்கிற நம்பருக்கு அடிச்சேன், ஒரு மணி நேரமாகுமாம். விளக்கும் அணைஞ்சிடுச்சு. நல்லவேளை, இப்ப நானும் உங்களுது மாதிரியே போன் வாங்கிட்டேன், லைன் கிடைக்குது."

"கதவைத் தொடாதம்மா. தரையில உக்காந்துக்கோ. லிப்ட் கீழ விழாது, விழவே விழாது, அதுக்கு நான் கேரன்டி. போனை வைக்காத. இதோ வர்றேன்."

சட்டையை மாட்டிக்கொண்டே கிளம்பினார். பஸ்ஸில் இருபது நிமிடம் அவளோடு பேசிக்கொண்டே போனார். மூச்சு முட்டுகிறதா? இல்லை, காற்று வரும், மேலே ஓட்டை விட்டிருப்போம். அவளைப் பேசவைப்பதற்காக வீட்டில் யார் யார் என்று கேட்டார். அம்மா, ஒரு தம்பி என்றாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவைகூட லைன் அறுந்து போகவில்லை.

போய்ச் சேர்ந்ததும் மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏறினார். அந்தக் கட்டடத்து வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டார். முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். வாட்ச்மேன் கையில் பிரேக் நெம்புகோலைக் கொடுத்து, சொல்லும்போது அழுத்து, சொல்லும்போது விடு என்று இரண்டு முறை பழக்கினார். தானே சக்கரத்தைப் பிடித்துக் கையால் சுற்றினார். அரைச் சுற்று, நிறுத்தம். அரைச் சுற்று, நிறுத்தம். கயிற்றில் மாடிக்கு மாடி மஞ்சள் பெயின்ட் குறி இருக்கும். இரண்டாவது மாடிக் குறி நேருக்கு வந்ததும் நெம்புகோலை விடச் சொல்லி, பிரேக் பிடித்ததைப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கப் படியிறங்கி ஓடினார். அவருடைய வீட்டுச் சாவிக்கொத்தில் லிப்ட் கதவுச் சாவியும் இருந்தது. வேலையை விட்டபோது திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியது. யாரும் கேட்கவில்லை, இவரும் கொடுக்கவில்லை.

கதவைத் திறந்தபோது அந்தப் பெண் போனைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வெளியே வந்து, நின்ற இடத்தில் ஓவென்று அழுதாள். கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் இவருக்குத் தண்ணீர் கொடுத்தார். கட்டடத்துச் சொந்தக்காரர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். நின்று போனதற்குக் காரணம், இவர் அன்றே சொன்ன கதவு உருளைதான். அவள் சொல்லியிருக்கிறாள், சர்வீஸுக்கு வந்தவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒன்று விடாமல் மனைவியிடம் சொன்னார். இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் ஒன்பதரை மணிக்குப் போன் அடித்தது. சூப்பர்வைசர். மனைவி ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கணவர் பேசுவதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றவள், "வரேன் சார், இப்பவே வரேன்" என்று அவர் சொல்லி வைத்ததும் இரண்டு கன்னத்தையும் கையால் மூடிக்கொண்டாள். ஆபீஸுக்கு வரச் சொல்கிறார் என்றார் மெக்கானிக். நேற்று வேலை செய்ததைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்றாள் அவள். இஸ்திரி போட்டு வைத்திருந்த நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

சூப்பர்வைசர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதெல்லாம் முடிந்த பிறகு, "அந்தச் சாவியக் குடுத்திருங்கண்ணே" என்றார்.

மெக்கானிக்குக்கு முதலில் புரியவில்லை. சூப்பர்வைசர் விளக்கினார். கட்டடத்துச் சொந்தக்காரர் நேற்றே மேலிடத்துக்குப் போன் போட்டு, உங்கள் ஆள் வர ஒரு மணி நேரம், உங்கள் பழைய ஆள் வந்து அரை மணியில் முடித்துவிட்டார், பிறகு உங்களுக்கு எதற்கு கான்ட்ராக்ட் என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மேலிடம் கேட்டது ஒரே கேள்வி. வேலையில் இல்லாத ஒருவன் நம் லிப்டில் எப்படிக் கை வைத்தான்? ஏதாவது ஆகியிருந்தால் யார் ஜெயிலுக்குப் போவது? இனிமேல் தொட்டால் போலீஸில் சொல்வோம் என்று கடிதமே தயாராயிருந்தது. மெக்கானிக் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். சூப்பர்வைசர் கடிதத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார்.

மெக்கானிக் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தார். கையெழுத்தும் போட்டார். பிறகு கேட்டார்: "வேலையில இல்லாத ஆளுன்னு போட்டிருக்கே சார். வேலை வந்தா கூப்பிடறோம்னு சொன்னீங்களே."

சூப்பர்வைசர் பேனாவை மூடினார், திறந்தார். ஐம்பத்தெட்டுக்கு மேல் இன்சூரன்ஸ் கிடையாது என்று சட்டம் வந்து ஏழு மாதமாகிறது என்றார். கூப்பிடுகிற பட்டியலிலிருந்து இவர் நம்பர் அப்போதே எடுக்கப்பட்டுவிட்டது. இவருடையது மட்டுமில்லை, இவரைப்போல ஓய்வுபெற்ற ஏழு பேருடையதும்.

"அப்ப நீங்க அடிச்சதெல்லாம்?"

"எதுண்ணே?"

"லைன் கிடைக்கலன்னு சொன்னீங்களே, சிக்னல்ல."

சூப்பர்வைசருக்கு அது நினைவிலேயே இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நடுரோட்டுல நிக்கவச்சுக் கேட்டா வேற என்னண்ணே சொல்றது" என்றார். திமிராகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

மெக்கானிக் பஸ் ஏறவில்லை. மூன்று நிறுத்தம் நடந்தே வந்தார். மனைவியிடம் மறைத்துவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தார். பட்டியலில் மறுபடி சேர்ப்பதாகச் சொன்னார்கள் என்று ஒரு பொய்யை உருவாக்கிக்கூட வைத்திருந்தார். ஆனால் வாசலில் அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் பொய் வாயில் நிற்கவில்லை. கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்து, லைன் கிடைக்கவில்லை என்று சிக்னலில் சொன்னது வெறும் சாக்கு என்பதையும் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அவள் முழுக்கப் படித்தாள். சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும், பாத்திரத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"நம்ம பொண்ணும் அதையேதாங்க சொன்னா."

அவர் துண்டில் கை துடைத்துக்கொண்டே நின்றார். காலையிலிருந்து அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை, வேலை, மாமியார் வீடு, அவளுக்கு ஆயிரம் இருக்கும் என்றார். அவளும் ஆமாம் என்றாள். பிறகு போனை எடுத்து மகளின் நம்பரை அழுத்தினாள். மணி போவது இருவருக்கும் கேட்டது. தெளிவாக, பக்கத்து அறையில் அடிப்பதுபோல் கேட்டது. அது முடியும்வரை அடித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு மெசேஜ் வந்தது. வேலையாக இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்.

"பாரு, வேலையாத்தான் இருக்கா" என்றார் மெக்கானிக்.

மகள் பேசியது பன்னிரண்டு நாள் கழித்து. நல்லவிதமாகத்தான் பேசினாள். அப்பா கால் வலி எப்படி, அம்மா கண்ணைப் பார்த்துக்கொள் என்றாள். பகல் நேரத்தில் கூப்பிட வேண்டாம், ஆபீஸில் சங்கடமாயிருக்கிறது என்றும் சொன்னாள். மனைவி எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள், எதிரில் மகள் நிற்பதுபோல.

போன் கடைப் பெண் இரண்டு முறை கூப்பிட்டு நலம் விசாரித்தாள். பிறகு அந்தக் கடையை மூடிவிட்டார்கள், அவள் வேறெங்கோ போய்விட்டாள்.

இரண்டு மாதம் அலைந்த பிறகு மெக்கானிக்குக் கிடைத்தது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வாகனங்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை. காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை வெயிலில் நிற்க வேண்டும். போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். அங்கே அவரைக் கூப்பிட ஆளில்லை, வீட்டில் அவளுக்காவது பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்றார்.

சேர்ந்த மூன்றாவது வாரம், ஆஸ்பத்திரி லிப்ட் ஒன்று நின்று போயிற்று. கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினார்கள். நோயாளிகளைச் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். மதியம் தண்ணீர் பிடிக்க உள்ளே போனவர் அந்தக் கதவருகே நின்றார். கதவிடுக்கு வழியாக, மேலே ரிலே ஒன்று ஒட்டிக்கொண்டு விடாமல் முனகும் சத்தம் கேட்டது. அழுக்கைத் துடைத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. பாட்டிலை நிரப்பிக்கொண்டு, டோக்கன் கட்டை எடுத்துக்கொண்டு, திரும்பவும் வெயிலுக்குப் போனார்.

நாலாம் நாள் யாரோ வந்து சரிசெய்துவிட்டுப் போனார்கள்.